துணிக்குப் பல் முளைத்த கதை!

காலை நேரம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில், மீஞ்சூரைத் தாண்டி ஓடுகிறது. பெட்டி நிறையத் தொழிலாளர்கள். சிப்காட் ஆலைகளில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில், அடையாள அட்டை. பொன்னேரி வந்ததும் ஒருவர் பையைத் திறக்கிறார். "சர்ர்ர்" என்று ஒரு சத்தம். மறுபடியும் ஒரு "சர்ர்ர்". பை மூடிக்கொண்டது.

ஜிப்!

பை திறக்க ஜிப். பேண்ட் போட ஜிப். மழைக்கோட்டு, மணிபர்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் டப்பா, தலையணை உறை - எங்கே பார்த்தாலும் ஜிப். ஒரு நாளைக்கு எத்தனை முறை அதை இழுக்கிறோம் என்று யாராவது எண்ணியது உண்டா? கிடையாது. அது மாட்டிக்கொண்டால்தான் அதன் நினைப்பே நமக்கு வரும்.

இந்தச் சின்னப் பொருளைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா?

நாள் கணக்கு அல்ல, ஆண்டுக் கணக்கு! ஒருவர் தொடங்கி, இன்னொருவர் முடிக்க 20 ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகும் அதை வாங்க ஆள் இல்லை.

எங்களுக்கு எதற்குப் பூட்டு?

நம் முன்னோருக்கு ஜிப் தேவைப்படவில்லை. வேட்டியைச் சுற்றி இடுப்பில் செருகினால் போதும். சேலைக்குக் கொசுவம் வைத்துச் செருகினால் முடிந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் தறியிலிருந்து இறங்கும் துணிக்குப் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை.

குளிர் நாட்டுக்காரர்கள் பாடு அப்படி அல்ல. உடம்பை ஒட்டித் தைத்த உடை போட்டால்தான் குளிர் தாங்கும். ஒட்டித் தைத்தால் தலை நுழையாது, கால் நுழையாது. ஆகவே உடையில் ஒரு திறப்பு வேண்டும். திறப்பு வைத்தால் அதை மூடவும் வேண்டும்!

பொத்தான், கொக்கி, நாடா - இந்த மூன்றையும் வைத்துத்தான் அவர்கள் பல நூற்றாண்டுகள் காலம் தள்ளினார்கள்.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் கெண்டைக்கால் வரை ஏறும் பூட்ஸ் அணிந்தார்கள். அதில் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் மாட்ட வேண்டும். இரவில் ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். பொத்தானை இழுத்து மாட்டுவதற்கென்றே தனியாக ஒரு கொக்கி விற்றார்கள்!

குனிய முடியாத கிழவர் என்ன செய்வார்? கர்ப்பிணிப் பெண் என்ன செய்வாள்? இன்னொருவர் உதவி வேண்டும்.

கைக்கு எட்டியும் விட்டவர்

எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர், 1846-ம் ஆண்டு தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர். அவருக்கு இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு யோசனை தோன்றியது. துணியின் விளிம்பில் சிறு கவ்விகளைக் கோத்து, ஒரு கயிற்றை இழுத்தால் எல்லாம் வரிசையாக நகர்ந்து மூடிக்கொள்ளும்படி ஓர் அமைப்பை வரைந்தார். 1851-ம் ஆண்டு அதற்கும் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அவருக்குத் தையல் எந்திரத்தைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. வரைபடம் வரைபடமாகவே நின்றது. ஜிப்பின் தந்தை ஆகியிருக்க வேண்டியவர், அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதன் பிறகு 42 ஆண்டுகள் ஓடின.

சிகாகோவில் பிறந்தது

விட்கோம் ஜட்சன், சிகாகோ நகரத்துக்காரர். எதையாவது புதிதாகச் செய்துகொண்டே இருப்பது அவர் குணம். காற்றின் அழுத்தத்தால் ஓடும் தெரு ரயிலைச் செய்து பார்த்தார். மின்சார டிராம் வந்ததும் அந்த ரயில் அடிபட்டுப் போயிற்று.

பிறகு அவர் பார்வை பூட்ஸின் மேல் விழுந்தது.

பூட்ஸின் ஒரு பக்கம் வரிசையாகக் கொக்கி. மறுபக்கம் வரிசையாக வளையம். கையால் ஒவ்வொன்றாக மாட்டுவதற்குப் பதில், நடுவில் ஒரு சிறு சறுக்கியை வைத்து இழுத்தால் எல்லாம் தாமே மாட்டிக்கொள்ளும். இதுதான் ஜட்சன் கண்ட வழி.

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அந்த ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி அங்கே கூடிய சர்வ சமயப் பேரவையில்தான், செப்டம்பர் 11-ந் தேதி சுவாமி விவேகானந்தர் எழுந்து பேசினார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி அவரை அனுப்பிவைத்த கதையை நாம் அறிவோம். ஜட்சனுக்குக் காப்புரிமை கிடைத்து 13 நாள்தான் ஆகியிருந்தது!

விவேகானந்தரின் பெயர் ஒரே நாளில் பரவியது. ஜட்சனின் சறுக்கியை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் ஒருவர் கர்னல் லூயிஸ் வாக்கர். பென்சில்வேனியா மாநிலத்தில் மீட்வில் என்ற சிற்றூரைச் சேர்ந்த வழக்கறிஞர். ஜட்சனின் தெரு ரயில் வேலையின்போது அவரோடு பழகியவர். "இதில் விஷயம் இருக்கிறது" என்று அவருக்குப் பட்டது. இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

பாவாடை போன போக்கு

கம்பெனி தொடங்கியது சுலபம். சரக்குச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கொக்கிகளைச் செய்ய ஓர் எந்திரம் அமைத்தார் ஜட்சன். அது அடிக்கடி நின்றது. கம்பெனி சிகாகோவிலிருந்து ஓஹியோ மாநிலத்துக்குப் போயிற்று. அங்கிருந்து நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் நகரத்துக்குப் போயிற்று.

1905-ம் ஆண்டு வாக்கில் புது மாதிரி ஒன்று வந்தது. கொக்கியும் வளையமும் நாடாவில் பொருத்தப்பட்டிருந்தன. பெண்களின் பாவாடையில் தைத்துக்கொள்ளலாம். "ஓர் இழுப்பு, வேலை முடிந்தது" என்று விளம்பரம் செய்தார்கள்.

இழுத்தால் மூடியது உண்மை. ஆனால் குனிந்தால் திறந்துகொண்டது! உட்கார்ந்தாலும் திறந்துகொண்டது. நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு பெண்ணின் பாவாடை பட்டென்று திறந்துகொண்டால் அவள் நிலைமை என்ன?

அதோடு போகவில்லை. நனைந்தால் துருப் பிடித்தது. ஆகவே துணி துவைக்கும் முன் அதைப் பிரித்து எடுக்க வேண்டும். உலர்ந்த பிறகு மறுபடி தைக்க வேண்டும். ஒருமுறை வாங்கியவள் மறுமுறை வாங்குவாளா?

1909-ம் ஆண்டு ஜட்சன் காலமானார். தன் பிள்ளை நடை பழகியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

சுவீடன் வாலிபர்

இதற்கிடையில் கம்பெனிக்கு ஒரு வாலிபர் வந்து சேர்ந்திருந்தார். பெயர் கிடியன் சண்ட்பேக். சுவீடன் நாட்டில் 1880-ம் ஆண்டு பிறந்தவர். ஜெர்மனியில் பொறியியல் படித்தவர். 1905-ம் ஆண்டு கப்பலேறி அமெரிக்கா வந்து, வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு அதை விட்டுவிட்டு ஹோபோக்கனுக்கு வந்தார்.

பெரிய மின்சார எந்திரங்களை விட்டுவிட்டுப் பாவாடைக் கொக்கிக்கு வருவதா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே அவருக்கு வேலை மட்டும் கிடைக்கவில்லை, மனைவியும் கிடைத்தாள். ஆலை மேலாளர் ஆரன்சன் என்பவரின் மகள் எல்விராவை மணந்துகொண்டார்.

சண்ட்பேக் பழைய மாதிரியைத் திருத்தினார். கொக்கி முன்னைவிட உறுதியாகப் பிடித்தது. ஆனாலும் வளைந்தால் திறந்துகொள்ளும் பழைய வியாதி தீரவில்லை. கம்பெனி கடனில் மூழ்கியது.

1911-ம் ஆண்டு, எல்விரா இறந்துபோனாள்.

வாலிபர் இடிந்துபோனார். துக்கத்தை மறக்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. வரைபட மேஜை! இரவு பகல் பாராமல் அதன் முன் உட்கார்ந்தார்.

கொக்கியே வேண்டாம்!

முதலில் அவர் செய்த முடிவு இதுதான்: கொக்கியைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயன் இல்லை. கொக்கியும் வேண்டாம், வளையமும் வேண்டாம்.

ஒரு பக்கம் உலோகக் கவ்விகளை வைத்து, மறுபக்கத்துத் துணி விளிம்பைக் கவ்விப் பிடிக்கும்படி ஒரு மாதிரி செய்தார். அழகாக மூடியது. ஆனால் கவ்விக் கவ்வித் துணி தேய்ந்து போயிற்று. அதையும் ஒதுக்கினார்.

1913-ம் ஆண்டு இறுதியில் இன்னொரு மாதிரி பிறந்தது. இன்றைக்கு நம் பையில் இருக்கும் ஜிப் அதுதான்!

இதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல். ஒவ்வொரு பல்லின் தலையிலும் மேல்பக்கம் ஒரு சிறு குமிழ். அடிப்பக்கம் ஒரு சிறு குழி. கல்யாண வீட்டில் தொன்னைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள் அல்லவா? அதேபோல, இடப்பக்கப் பல்லின் குமிழ் வலப்பக்கப் பல்லின் குழிக்குள் போய் உட்காரும். வலப்பக்கப் பல்லின் குமிழ் அடுத்த இடப்பக்கப் பல்லின் குழிக்குள் உட்காரும். இப்படியே வரிசை முழுவதும்.

முன்பு ஓர் அங்குலத்துக்கு நாலு கொக்கிதான் இருந்தது. சண்ட்பேக் அதே இடத்தில் 10, 11 பற்களை வைத்தார். பல் நெருங்க நெருங்க, வளைந்தாலும் விடாத பிடிப்பு வந்தது.

ரன்னரின் ரகசியம்

அப்படியானால் ரன்னர் என்ன செய்கிறது?

உங்கள் பையில் உள்ள ஜிப்பை எடுத்துப் பாருங்கள். ரன்னரின் மேல்பக்கம் இரண்டு வாய். கீழ்ப்பக்கம் ஒரே வாய். இரண்டு தெரு வந்து ஒன்றாகச் சேரும் முச்சந்தி மாதிரி இருக்கும்.

மேலே இழுக்கும்போது இரண்டு வரிசைப் பற்களும் இரண்டு வாய் வழியாக உள்ளே நுழைகின்றன. ரன்னரின் உள்ளே அவை சற்றுச் சாய்ந்து வளைகின்றன. வளையும்போது பற்களுக்கு இடையே இடைவெளி விரிகிறது. அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கப் பல் நுழைந்துவிடுகிறது. ரன்னர் தாண்டியதும் வரிசை நேராகிறது, இடைவெளி குறுகுகிறது. இனி, பல் வெளியே வர வழி இல்லை!

கீழே இழுக்கும்போது, ரன்னரின் நடுவில் இருக்கும் ஆப்பு பற்களைப் பிரிக்கிறது. அது முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பதால் நமக்குச் சிரமம் தெரிவதில்லை. மூடிய ஜிப்பின் நடுவில் இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசையாது.

ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் பக்கத்துப் பற்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். நடுவில் ஒரு பல் விழுந்தாலும் அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும்.

ஒன்று செய்வது வேறு, ஆயிரம் செய்வது வேறு

மாதிரி கிடைத்தது. இனி அதை மலிவாகச் செய்ய வேண்டும். ஒரு ஜிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் இருக்கலாம். எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பல் மயிரிழை பிசகினாலும் ரன்னர் நின்றுவிடும்.

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் லேத் முன்பும் பிரஸ் முன்பும் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சாமானைக் கையால் ராவி ராவிப் பொருத்திவிடலாம். ஒரே மாதிரி பத்தாயிரம் சாமான் வர வேண்டும் என்றால், எந்திரம் சரியாக இருக்க வேண்டும்.

சண்ட்பேக் அந்த எந்திரத்தையும் தாமே செய்தார். "ஒய்" என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தில் ஒரு தனிக் கம்பியை இழுக்கச் செய்தார். எந்திரம் அந்தக் கம்பியைச் சீவிப் பல் ஆக்கும். குமிழையும் குழியையும் அடிக்கும். பல்லின் இரண்டு காலையும் நாடாவின் விளிம்பில் நெருக்கி மாட்டும். கம்பியில் துண்டுகூட வீணாகாது. முதல் ஆண்டிலேயே அது நாள் ஒன்றுக்குச் சில நூறு அடி ஜிப்பைச் செய்து தள்ளியது.

கர்னல் வாக்கர் ஆலையைத் தம் சொந்த ஊரான மீட்வில்லுக்குக் கொண்டுவந்தார். கம்பெனிக்குப் புதுப் பெயரும் வைத்தார். "கொக்கி இல்லாத பூட்டுக் கம்பெனி" என்பது அதன் பொருள்! 1917-ம் ஆண்டு சண்ட்பேக்கின் மாதிரிக்குக் காப்புரிமை கிடைத்தது.

போர் வந்தது, வழி திறந்தது

சரக்கு தயார். வாங்க ஆள் எங்கே? பழைய பாவாடைக் கதையைக் கடைக்காரர்கள் மறக்கவில்லை. தையற்காரர்கள் கிட்டே வரவிடவில்லை.

அந்தச் சமயத்தில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1917-ம் ஆண்டு அமெரிக்காவும் அதில் இறங்கியது. கடற்படைச் சிப்பாய்களின் உடையில் பை கிடையாது. பணத்தை எங்கே வைப்பது? இடுப்பில் கட்டும் பணப் பை ஒன்றுக்கு ஜிப் வைத்துத் தைத்தார்கள். சிப்பாய்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

விமானிகள் உயரத்தில் குளிரில் விறைத்தார்கள். அவர்களின் உடையில் பொத்தான்களுக்கு நடுவே காற்று நுழைந்தது. அங்கேயும் ஜிப் போயிற்று. போர் முடிந்தபின் புகையிலைப் பைக்கு ஜிப் வந்தது.

பெயர் சூட்டியவர்கள்

இத்தனை நாளும் இதற்கு "ஜிப்" என்ற பெயர் இல்லை.

1923-ம் ஆண்டு, குட்ரிச் என்ற பெரிய ரப்பர்க் கம்பெனி, மழையிலும் பனியிலும் போடும் ரப்பர் பூட்ஸுக்கு இந்தப் பூட்டை வாங்கிப் பொருத்தியது. இழுக்கும்போது எழும் சத்தத்தை வைத்து, அதன் தலைவர் பெர்ட்ரம் வொர்க் பூட்ஸுக்கு "ஜிப்பர்" என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தது பூட்ஸுக்கு. ஆனால் ஜனங்கள் அதைப் பூட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்! நம் ஊரில் வனஸ்பதியை எல்லாம் "டால்டா" என்று சொன்னோமே, படி எடுப்பதை எல்லாம் "ஜெராக்ஸ்" என்கிறோமே, அப்படித்தான். பெயர் கம்பெனியின் கையை விட்டு ஊர் வாய்க்குப் போய்விட்டது. நாம் அதையும் சுருக்கி "ஜிப்" ஆக்கிவிட்டோம்.

குழந்தை தானே உடுத்தியது

1930-க்குப் பிறகு ஜிப் உடுப்புக்குள் நுழைந்தது. முதலில் வரவேற்றவர்கள் தாய்மார்கள். பொத்தான் மாட்டத் தெரியாத குழந்தை, ஜிப்பை இழுக்கும். "குழந்தை தானே உடுத்திப் பழகட்டும்" என்று சொல்லி ஜிப் வைத்த உடைகளை விற்றார்கள்.

1935-ம் ஆண்டு, பாரிஸ் நகரத்தின் பெயர் பெற்ற உடையலங்காரக் கலைஞர் எல்சா ஸ்கியாபரெல்லி, வண்ண வண்ண ஜிப்களை வெளியே தெரியும்படி வைத்துத் தைத்தார். இங்கிலாந்தின் இளவரசர், ஜிப் வைத்த கால்சட்டை அணிந்தார். சிறிது காலத்தில் ஆண்களின் கால்சட்டையில் பொத்தானை ஜிப் வென்றது.

எந்தப் பொருளைப் பார்த்து, "மானத்தை வாங்கிவிடும்" என்று ஜனங்கள் பயந்தார்களோ, அதே பொருளை, "மானத்தைக் காக்கும்" என்று பத்திரிகைகள் புகழ்ந்தன!

சண்ட்பேக் இதையெல்லாம் கண்ணால் பார்த்தார். 1951-ம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பொறியியல் அகாடமி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1954-ம் ஆண்டு மீட்வில்லில் காலமானார்.

மீட்வில்லும் ஜப்பானும்

1934-ம் ஆண்டு, ததாவோ யோஷிதா என்ற ஜப்பானியர், டோக்கியோவில் சிறியதாக ஒரு ஜிப் வியாபாரம் தொடங்கினார். 1945-ம் ஆண்டு குண்டு வீச்சில் அவர் ஆலை எரிந்து சாம்பலாயிற்று. அவர் தம் சொந்த மாவட்டத்துக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இன்று உலகெங்கும் ஜிப்பின் ரன்னரில் காணும் "ஒய்.கே.கே." என்ற மூன்று எழுத்து அந்தக் கம்பெனியின் முத்திரைதான். இந்தியாவிலும், ஹரியானா மாநிலத்தில் அதற்கு ஆலை உண்டு.

உலோகப் பல்லோடு ஜிப் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பல் வந்தது. நைலான் இழையைச் சுருளாக்கி நாடாவில் தைத்த ஜிப் வந்தது. பள்ளிக்கூடப் பைகளில் அதிகமாகக் காண்பது இந்தச் சுருள் ஜிப்தான். 1969-ம் ஆண்டு நிலவில் இறங்கியவர்களின் உடையிலும் காற்றுப் புகாத ஜிப் இருந்தது.

மீட்வில் என்ன ஆயிற்று? போட்டி தாங்காமல் அங்கே ஜிப் ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் ஊர் அழியவில்லை. மயிரிழை பிசகாமல் அச்சுகளும் கருவிகளும் செய்ய அந்த ஆலையில் பழகிய தொழிலாளர்கள், சிறு சிறு பட்டறைகள் வைத்தார்கள். இன்றும் அது கருவி செய்யும் ஊர் என்றே பெயர் பெற்றிருக்கிறது. ஆலை போனாலும் கைத்தொழில் போகவில்லை!

வீட்டுக்கு ஒரு வார்த்தை

ஜிப் மாட்டிக்கொண்டால் பலம் காட்டாதீர்கள். துணி சிக்கியிருந்தால், ரன்னரைச் சற்றுப் பின்னால் தள்ளி, துணியைப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள்.

உலோக ஜிப் ஓடாமல் இறுகினால், பற்களின் மேல் மெழுகுவர்த்தியையோ பென்சில் முனையையோ தேயுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும்.

ரன்னர் போன பின்னால் ஜிப் திறந்துகொண்டால் பெரும்பாலும் பல்லில் குற்றம் இல்லை. ரன்னரின் வாய் தேய்ந்து அகன்றிருக்கும். குறடால் இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்திப் பாருங்கள். சரியாகாவிட்டால் தையற்காரரிடம் கொடுத்து ரன்னரை மட்டும் மாற்றலாம். பையைத் தூக்கி எறிய வேண்டாம்.

துணியைத் துவைக்கப் போடும் முன் ஜிப்பை மூடிவிடுங்கள். பல் வளையாது.

குழந்தைக்கு ஜிப் போடும்போது உள்ளே ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். தோல் சிக்காது.

மாலை ரயில்

ஷிப்டு முடிந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் சென்னைக்குத் திரும்புகிறது. காலி டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒருவர் இழுக்கிறார். "சர்ர்ர்!"

அந்த ஒரு நொடிச் சத்தத்துக்குள் ஜட்சன் பார்க்காமல் போன வெற்றி இருக்கிறது. மனைவியை இழந்த வாலிபர் மேஜை முன் கழித்த இரவுகள் இருக்கின்றன.

கவரைப்பேட்டை வருகிறது. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கண் அயர்கிறார். பை திறந்துகொள்ளுமோ என்ற கவலை அவருக்கு இல்லை.